சோயாப் பசையில் ஒட்டிய பிளைவுட்: பியூர்பாண்ட் பலகை வாங்கலாமா?

பியூர்பாண்ட் என்பது பசைக்கு வைத்த பெயர். கடையில் அந்த முத்திரையைப் பார்த்ததும் பலகை முழுவதற்கும் அதுவே சான்றிதழ் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவின் கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் 2005 முதல் தன் ஹார்ட்வுட் பிளைவுட்டை, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினை விட்டுவிட்டு, சோயா மாவில் செய்த பசையால் ஒட்டி விற்கிறது. ஹோம் டிப்போ என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடையில் 4-க்கு 8 அடி முழுப் பலகையாகவும், சின்ன வேலைக்கு வெட்டிய துண்டாகவும் கிடைக்கும். மேப்பிள், பிர்ச், ரெட் ஓக், வால்நட் என்று முகப்பு வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத் தகடு) பல வகை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படுக்கையறை அலமாரி, புத்தக அடுக்கு, குழந்தைகள் அறைக் கட்டில், பீரோ போன்ற உலர்ந்த இடத்து வேலைகளுக்கு இது நல்ல பலகை. சிங்க்குக்கு அடியில், குளியலறையில், பால்கனியில் வேண்டாம். வீட்டுக் காற்றில் ஃபார்மால்டிஹைடு (கண்ணையும் மூக்கையும் எரிக்கும் நச்சு வாயு) குறைய வேண்டும் என்பதற்காகவே இதைத் தேடுகிறீர்கள் என்றால், பலகையின் நடுப்பகுதி என்ன, மேலே பூசும் பாலிஷ் என்ன என்ற இரண்டையும் கேட்காமல் வாங்குவதில் அர்த்தமில்லை.

சாதாரணப் பலகையில் என்ன கோளாறு? யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் மலிவு, நிறமில்லாதது, சூடான பிரஸ்ஸில் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆலைக்காரர் அதை விட மனம் வராமல் இருப்பது நியாயம்தான். ஆனால் யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் இணைக்கும் அந்தப் பிணைப்பு திரும்பிப் போகக்கூடியது. ஈரமும் சூடும் சேர்ந்தால் நீராற்பகுப்பு நடந்து, இறுகிய பிசினே மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடை வெளியே விடும். புதுப் பலகையின் முதல் சில வாரத்து நெடி, வினைபுரியாமல் மிச்சம் நின்ற வாயு. அது போய்விடும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வருவது பிசின் உடைவதால் வருவது. மூக்குக்குத் தெரியாத அளவில் வரும். "ரெண்டு மாசம் ஜன்னலைத் திறந்து வச்சா சரியாயிடும்" என்ற ஆலோசனை முதல் பங்குக்கு மட்டுமே பொருந்தும்.

ஆலைகள் முதலில் செய்தது பிசினில் ஃபார்மால்டிஹைடின் பங்கைக் குறைத்தது. பழைய பிசின்களில் ஒரு பங்கு யூரியாவுக்கு ஒன்றரைப் பங்குக்கும் மேல் இருந்த ஃபார்மால்டிஹைடு, இப்போது ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. வெளியீடு வெகுவாகக் குறைந்தது உண்மை. கூடவே பிடிப்பும் நீர் தாங்கும் திறனும் குறைந்தன. பிரஸ்ஸில் இறுகும் நேரம் கூடியது. அந்த வழியில் இன்னும் அதிக தூரம் போக முடியாது. பிணைப்பையே மாற்றினால்தான் வேலை நடக்கும்.

சோயாப் பசை புதிதல்ல. 1920களிலேயே அமெரிக்க மேற்குக் கரையில் டக்ளஸ் ஃபர் பிளைவுட்டைச் சோயாப் பசையால் ஒட்டினார்கள். நனைந்தால் பிரிந்துவிடும், பூஞ்சை பிடிக்கும் என்பதால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியப் பிசின்கள் அதைத் துரத்திவிட்டன. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கைச்சாங் லீ அந்தப் பழைய பசையை எடுத்து, கடல் சிப்பியிடமிருந்து பாடம் படித்தார். அலை அடிக்கும் பாறையில், நீருக்குள்ளேயே சிப்பி ஒட்டிக்கொள்வது ஒரு புரதத்தால். குளச்சல் பக்கம் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்தவர்களுக்கு அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று தெரியும். சோயாப் புரதம் மலிவாக, மலைபோலக் கிடைக்கிறது. அதிலுள்ள சில அமினோ அமிலங்களைச் சிப்பிப் புரதத்தில் இருப்பவை போல மாற்றினால் நீர் தாங்குமா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

ஆலைக்கு வந்த வடிவம் இன்னும் எளிமையானது. எண்ணெய் எடுத்த சோயா மாவு, தண்ணீர், கூடவே பாலிஅமைடோஅமீன்-எபிகுளோரோஹைட்ரின் என்ற இறுக்கும் பிசின். பெயர் நாக்கைச் சுளுக்கினாலும் பொருள் பழக்கமானதுதான்: சமையலறைக் காகிதத் துண்டு நனைந்தும் கிழியாமல் நிற்பதற்காகக் காகித ஆலைகள் பல பத்தாண்டுகளாகச் சேர்ப்பது. ஹெர்குலஸ் நிறுவனம் கொடுத்த அந்தப் பிசினில் உள்ள அசெட்டிடினியம் வளையம், சூட்டில் திறந்து புரதத்தின் அமீன், கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைகிறது. வலை பின்னியதுபோல் ஆன பிறகு நீரில் கரையாது. இந்தப் பிணைப்பில் ஃபார்மால்டிஹைடு எந்தக் கட்டத்திலும் இல்லை. எனவே உடைந்தாலும் ஃபார்மால்டிஹைடு வராது. இந்தப் பலகையின் முழு மதிப்பும் இந்த ஒரு வேதியியல் உண்மையில்தான் இருக்கிறது.

லீ, கொலம்பியா, ஹெர்குலஸ் மூவருக்கும் 2007-இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. 2006-ஆம் ஆண்டில் மட்டும் கொலம்பியா 4.7 கோடி பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 21,000 டன், ஃபார்மால்டிஹைடு பசைக்குப் பதிலாகச் சோயாப் பசையைப் பயன்படுத்தியது என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. அவர்களின் ஒவ்வொரு ஆலையிலும் அபாயகரமான காற்று மாசு 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாகவும் அதிலேயே இருக்கிறது. வீட்டில் அலமாரி வைப்பவரைவிட, பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிக்குத்தான் இதில் பெரிய லாபம். விமர்சனங்களில் யாரும் இதை எழுதுவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். எபிகுளோரோஹைட்ரின் நச்சுப்பொருள். அதிலிருந்து பிசின் செய்யும்போது குளோரோபுரோப்பனால் வகைச் சேர்மங்கள் சிறிதளவு மிச்சம் நிற்கும். பிந்தைய தலைமுறைப் பிசின்களில் அதை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். "முழுக்க இயற்கை" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

சான்றிதழில் எதைப் பார்ப்பது

அமெரிக்காவில் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 2009 முதல் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்த ஃபார்மால்டிஹைடு வெளியீட்டு வரம்புகள், 2010 சட்டத்தின் வழியாக நாடு முழுவதற்கும் ஆகி, 2018 ஜூன் முதல் அமலில் இருக்கின்றன. ஹார்ட்வுட் பிளைவுட்டுக்கு 0.05 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பார்ட்டிக்கிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.புக்கு (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 0.11, 8 மி.மீ. வரையிலான மெல்லிய எம்.டி.எஃப்.புக்கு 0.13. பலகையில் அல்லது பலகைக் கட்டின் மீது அந்தச் சட்டத்தைக் குறிக்கும் "டாஸ்கா டைட்டில் 6" என்ற வாசகம், தயாரித்தவர் பெயர், லாட் எண், சான்றளித்த மூன்றாம் தரப்பின் எண் இருக்க வேண்டும். யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டிய பலகையும் இந்த வரம்புக்குள் வந்து, இந்த முத்திரையோடு விற்கப்படலாம் என்பதை மறக்கக் கூடாது. முத்திரை மட்டும் வைத்து சோயாவா யூரியாவா என்று சொல்ல முடியாது.

அதற்கு மேல் பார்க்க வேண்டியது என்.ஏ.எஃப்., அதாவது ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பிசின் என்ற தகுதி. மூன்று மாதத் தரச் சோதனைகளில் 90 சதவீதம் 0.04 பி.பி.எம்.முக்கு மேல் போகக் கூடாது. பிளைவுட்டில் எந்த ஒரு சோதனையும் 0.05-ஐத் தாண்டக் கூடாது. இதில் தேறிய ஆலைக்கு வழக்கமான சோதனைகளிலிருந்து இரண்டு ஆண்டு விலக்கு கிடைக்கிறது. பியூர்பாண்ட் இந்த வகை.

இங்கே ஒரு எழுத்து கூடினால் பொருளே மாறிவிடும். என்.ஏ.யூ.எஃப். என்று போட்டிருந்தால் சேர்க்காதது யூரியா ஃபார்மால்டிஹைடு மட்டும். பீனால் ஃபார்மால்டிஹைடு இருக்கலாம். யூ.எல்.இ.எஃப். என்றால் ஃபார்மால்டிஹைடு உண்டு, வெளியீடு மிகக் குறைவு. மூன்றும் நல்ல பலகைகளே என்றாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. எந்தப் பலகையும் பூஜ்யம் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பச்சை மரமே ஃபார்மால்டிஹைடு விடும். ஆய்வறையில் ஓக், பீச், பைன் மரங்களிலிருந்து அளந்தது ஒற்றை இலக்க பி.பி.பி. (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு, அதாவது மேலே சொன்ன வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்த எண்கள் நம் ஊரில் என்ன ஆகும்

சோதனை அறையில் வைத்திருப்பது 25 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம், மணிக்கு அரை முறை காற்று மாற்றம். பலகையின் அளவும் குறிப்பிட்டது: அறையின் ஒரு கன மீட்டருக்கு 0.43 சதுர மீட்டர் பலகைப் பரப்பு. 10-க்கு 12 அடி, 10 அடி உயர அறை 34 கன மீட்டர். அதில் இந்த விகிதம் என்றால் வெறும் இரண்டரைப் பலகை, இரு பக்கமும் திறந்திருந்தால். ஒரு சுவர் முழுக்க அலமாரியும் மேலே லாஃப்ட்டும் அடித்தால் எட்டு, பத்து பலகை எளிதாக உள்ளே போய்விடும். காற்றில் வாயு கூடக்கூடப் பலகை விடுவது கொஞ்சம் அடங்கும் என்பதால் கணக்கு நேர் விகிதம் இல்லை. சன்மைக்கா ஒட்டிய பரப்பும் பெருமளவு தடுக்கும். ஆனாலும் சோதனை எண்ணை அப்படியே வீட்டு எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெப்பத்தின் பங்கு இன்னும் பெரியது. யூரியா பிசின் பலகைகளுக்குப் பல காலமாகப் பயன்படும் பெர்கே சமன்பாட்டின்படி, 25 டிகிரியிலிருந்து 35-க்குப் போனால் காற்றில் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஈரப்பதம் 50-லிருந்து 75 சதவீதம் ஆனால் அதற்கு மேல் இன்னும் 1.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நான்கு மடங்குக்குச் சற்று மேலே. அட்லாண்டாவில் 0.05 என்று தேறிய பலகை, சென்னையில் மே மாதம் பூட்டிய படுக்கையறையில், மற்றவை மாறாமல் இருந்தால், 0.2 பி.பி.எம். வரை காட்டலாம். உலக சுகாதார அமைப்பின் உள்ளறை வழிகாட்டு அளவு 30 நிமிடச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 0.08 பி.பி.எம். பகலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலும் சாத்திப் போகும் வீடுகள்தான் இந்தக் கணக்கில் மோசமாக மாட்டும். சோயாப் பசையில் உடைந்து வெளியேற ஃபார்மால்டிஹைடு சேமிப்பே இல்லாததால் இந்தப் பெருக்கல் பெரிதாக வேலை செய்ய இடமில்லை. வெப்ப நாட்டுக்காரருக்கு இந்தப் பலகை அமெரிக்கரைவிடக் கூடுதலாகப் பயன்படும் என்பது இதனால்தான்.

நடுப்பகுதியைக் கேளுங்கள்

பியூர்பாண்ட் பசை ஒட்டுவது வெனீர்களை. பலகையின் நடுப்பகுதியும் வெனீர் அடுக்காக இருந்தால் முழுப் பலகையும் ஃபார்மால்டிஹைடு சேர்க்காதது என்று சொல்லலாம். அதே வெனீர் முகப்பு எம்.டி.எஃப். மீதோ பார்ட்டிக்கிள் போர்டு மீதோ ஒட்டியதாக இருந்தால், அந்த நடுப்பகுதி தனியாக ஒரு ஆலையில் வேறு பிசினால் ஆனது. அது யூரியா பிசினாக இருந்தால் மேலே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சோயா ஒட்டு பெரிதாக எதையும் காப்பாற்றாது. வெட்டிய விளிம்பு வழியாக வந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடிக்கும் கதவுக்கு எம்.டி.எஃப். நடுப்பகுதிதான் வேண்டும் என்றால் என்.ஏ.எஃப். நடுப்பகுதி என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மெடெக்ஸ் போல, ஐசோசயனேட் என்ற ஃபார்மால்டிஹைடு சேராத பிசினால் ஒட்டிய எம்.டி.எஃப். சந்தையில் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் ஈரமும் நன்றாகத் தாங்கும். ஐசோசயனேட் இறுகிய பிறகு பிரச்சினை இல்லை. ஆலையில் ஆவியாக இருக்கும்போது நுரையீரலுக்குப் பொல்லாதது.

வேலைக்கு எப்படி

கையில் எடுத்ததும் தெரிவது, முகப்பு வெனீர் மெல்லியது. அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இன்றைய அமெரிக்க ஹார்ட்வுட் பிளைவுட் எல்லாமே இப்படித்தான். இந்தப் பசையின் குற்றம் இல்லை. பெல்ட் சாண்டர் பக்கமே போகக் கூடாது. 180 எண் தாளில் ஆரம்பித்து 220-இல் முடித்துவிட வேண்டும். மூலையிலும் விளிம்பிலும் கையால் மட்டும். பென்சில் கோடு ஒன்றை முகப்பின் மீது இலேசாக இழுத்துவிட்டுத் தேய்த்தால், கோடு மறைந்த இடத்தில் நிறுத்தத் தெரியும். நடு அடுக்கின் நிறம் வெளியே வந்துவிட்டால் திருத்த வழி இல்லை.

முக்கால் அங்குலம் என்று விற்பது உண்மையில் 23/32 அங்குலம், அதாவது 18 மி.மீ.யை ஒட்டி. முக்கால் அங்குல ரூட்டர் பிட்டால் பள்ளம் போட்டால் பலகை ஆடும். பிளைவுட்டுக்கென்றே வரும் 23/32 பிட் வாங்க வேண்டும், அல்லது சின்ன பிட்டில் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். ஒரே கட்டுக்குள் இருக்கும் இரண்டு பலகைக்குள்கூடக் கொஞ்சம் வித்தியாசம் வரும். முதலில் கழிவுத் துண்டில் பார்த்துவிட்டுப் பிறகு நல்ல பலகையில் வையுங்கள்.

அறுக்கும்போது நாருக்குக் குறுக்கே வெனீர் பிய்யும். டேபிள் ரம்பத்தில் நல்ல முகம் மேலே, கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் நல்ல முகம் கீழே. 10 அங்குல பிளேடில் 60 முதல் 80 பல். கோட்டின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரான கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு அறுத்தால் பிசிறு பாதியாகக் குறையும். ரெட் ஓக் அதிகம் படுத்தும், மேப்பிள் குறைவு.

நடு அடுக்கில் இடைவெளிகள் இருக்கலாம். வெளியே தெரியும் விளிம்பில் ஓட்டை வந்தால் எட்ஜ் பேண்டிங் மூடிவிடும். ஆனால் திருகு போகும் இடத்தில் இடைவெளி வந்தால் பிடிப்பு இல்லை. கீல் வரும் விளிம்பைக் கட்டையால் தட்டிப் பார்த்தால் கொடகொடவென்று சத்தம் மாறும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடலாம். விளிம்புக்கு இணையாகத் திருகு ஏற்றும்போது 3 மி.மீ. துளை போடாமல் ஏற்றினால் அடுக்கு பிளக்கும். தொடர்ந்து அடுக்குத் திறந்தால் பசையைக் குறை சொல்வதற்கு முன் துளை அளவைச் சரிபாருங்கள்.

புத்தகம் வைக்கும் அடுக்கு 18 மி.மீ. பலகையில் 80 செ.மீ. நீளத்தைத் தாண்டினால் ஒரு வருடத்தில் தொய்யும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரக் கட்டி மரப் பட்டி ஒட்டினால் 90 வரை போகலாம். மூலைக்கும் பட்டிக்கும் வெள்ளைப் பசையே போதும். அந்த பாலிவினைல் அசெட்டேட்டிலும் ஃபார்மால்டிஹைடு பிணைப்பு இல்லை. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். படுக்க வைத்து, நடுவில் ரீப்பர் கொடுத்து, வேலை நடக்கும் அறையிலேயே இரண்டு மூன்று நாள் போட்டுவிட்டு அறுங்கள்.

தரக் குறியீட்டில் எழுத்து முகப்புக்கு, எண் பின்பக்கத்துக்கு. ஏ1 என்றால் முன்னும் பின்னும் நன்றாக இருக்கும். சி3 என்றால் முகத்தில் நிற வேறுபாடும் சிறு முடிச்சும், பின்னால் ஒட்டுப் போட்டதும் வரலாம். அலமாரியின் உடலுக்கு சி தரமே தாராளம். கதவுக்கு மட்டும் நல்ல தரம் வாங்கினால் செலவு கணிசமாக மிச்சம்.

தண்ணீர்

இது உள்ளறைக்கான இரண்டாம் வகைப் பலகை. அமெரிக்கத் தர விதியில் அந்த வகைக்கு வைக்கும் சோதனை: 2-க்கு 5 அங்குலத் துண்டுகளை 4 மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, 19 மணி நேரம் 50 டிகிரி சூட்டில் உலர்த்தி, இதை மூன்று தடவை செய்வது. முதல் சுற்றுக்குப் பின் 95 சதவீதத் துண்டுகளும், மூன்றாவதற்குப் பின் 85 சதவீதமும் பிரியாமல் இருக்க வேண்டும். சாதாரண யூரியா பலகையும் இதே வகைதான். கொட்டிய தண்ணீரையும் வாரக்கணக்கில் மழைக்காலக் காற்றையும் தாங்கும். கசியும் சிங்க் குழாயைத் தாங்காது; கொதிநீர்ச் சோதனை இந்த வகைக்குக் கிடையவும் கிடையாது. அடியில் தரையைத் தொடும் விளிம்பு, பின் பலகையின் வெட்டு விளிம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் சீலர் கொடுத்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். நிறைய பேர் முகத்துக்கு நாலு கோட் அடிப்பார்கள், விளிம்பை மறந்துவிடுவார்கள். தண்ணீர் ஏறுவது விளிம்பு வழியாகத்தான்.

பாலிஷ் கெடுக்கும் கதை

ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பலகையைத் தேடி வாங்கி, அதன் மேல் அமிலத்தால் இறுகும் வார்னிஷ் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் கேபினட் கடைகளில் அதற்குக் கன்வெர்ஷன் வார்னிஷ் என்று பெயர்; நம் ஊரில் ஹார்டனர் கலந்து அடிக்கும் மெலமைன் பாலிஷ் அதே குடும்பம். இரண்டிலும் அமினோ பிசின் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறும், இறுகிய பிறகும் சில காலம் வரும். பலகையில் மிச்சப்படுத்தியதை பாலிஷில் திரும்ப வாங்கிய கணக்குதான். தண்ணீரில் கரைத்த பாலியூரித்தேன் 3 கோட், இடையில் 320 எண் தாளால் இலேசாக ஒரு தேய்ப்பு: அலமாரிக்கு இது போதும். ஷெல்லாக்கும் நல்லது, சூடான டம்ளர் வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தடம் விழும். இரண்டு பாகப் பி.யூ. பாலிஷில் ஃபார்மால்டிஹைடு இல்லை, ஆனால் ஸ்பிரே செய்யும்போது ஐசோசயனேட் மூடுபனியாகப் பறக்கும். துணி மாஸ்க் அதற்கு ஒன்றும் செய்யாது.

தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு

நம் மரக்கடைகளில் கேட்டால் முதலில் காட்டுவது "ஈ-0" என்று முத்திரை போட்ட பலகை. ஈ-1 ஐரோப்பிய வகை: அறைச் சோதனையில் 0.1 பி.பி.எம். ஈ-0 அந்த ஐரோப்பிய வகைப்பாட்டில் இல்லாத சந்தைச் சொல். பெரும்பாலும் டெசிக்கேட்டர் சோதனையில் (மூடிய கலத்தில் பலகைத் துண்டு விடும் வாயுவைத் தண்ணீரில் பிடித்து அளப்பது) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவைக் குறித்துப் புழங்குகிறது. ஜப்பானின் நான்கு நட்சத்திரம் அதே வகைச் சோதனையில் 0.3. டெசிக்கேட்டர் எண்ணையும் அறைச் சோதனை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எனவே சோதனை அறிக்கையைக் கேட்கும்போது எண்ணோடு சோதனை முறை, பலகையின் தடிமன், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ-0 பலகை பெரும்பாலும் திருத்திய யூரியா அல்லது மெலமைன் கலந்த பிசினாகவே இருக்கும். சோயாப் பலகை என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

பழைய வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் பசுமை என்று விளம்பரம் செய்வதில்லை: ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட மெரைன் பிளைவுட். அதில் பீனால் ஃபார்மால்டிஹைடு பிசின். இறுகிய பீனால் பிசினில் இணைப்பு கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலானது. தண்ணீர் அதை உடைக்காது. அதனால் வெளியீடு யூரியா பலகையைவிட மிகக் குறைவு, நம் ஈரத்தையும் தாங்கும். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் ஆலையில் கையாளப்படுகின்றன என்பதால் பசுமை வேதியியலின் கண்ணில் இது பின்தங்கியது; வீட்டுக் காற்றின் கண்ணில் பின்தங்கியதல்ல. ஐ.எஸ். 303-இன் எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) தரம் யூரியா பிசின். படுக்கையறை அலமாரிக்கு ஆசாரி பெரும்பாலும் அதைத்தான் சொல்வார், விலை குறைவு என்பதால்.

ஒட்டுக் கோடு கருஞ்சிவப்பாக இருந்தால் பீனால் என்பார்கள். பசையில் சாயம் கலப்பது பெரிய வித்தை இல்லை, அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். விரலளவு துண்டு ஒன்றை அறுத்து வாங்கி, பழைய பாத்திரத்தில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். யூரியா பிசின் சில மணி நேரத்தில் அடுக்கடுக்காகக் கழன்றுவிடும். 710 தரம் 72 மணி நேரக் கொதிப்பைத் தாங்க வேண்டும். நடுவில் மெலமைன் கலந்த பிசின் ஒன்றும் இருக்கிறது. அது சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், ஆகவே கழலாதது எல்லாம் பீனால் என்று முடிவுகட்ட முடியாது. கழன்றது பீனால் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஏற்கெனவே யூரியா பலகையில் வேலை முடிந்துவிட்டதென்றால், திறந்திருக்கும் விளிம்பு, திருகுத் துளை, பின்பக்கம், டிராயரின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் சன்மைக்காவாலோ இரண்டு மூன்று கோட் ஷெல்லாக்காலோ மூடுவது நல்ல பலன் தரும். ஈரத்தைக் குறைப்பதும், காலையில் ஜன்னல் திறப்பதும் உதவும். தொட்டிச் செடி உதவாது. ஆன்லைனில் மலிவாக விற்கும் கையடக்க அளவிகள் சென்ட்டுக்கும் சானிட்டைசருக்கும் ஃபார்மால்டிஹைடு என்று கூவும். அளவு வேண்டுமென்றால் ஆய்வகத்துக்கு அனுப்பும் டி.என்.பி.எச். பேட்ஜை 24 மணி நேரம் அறையில் தொங்கவிட்டு அனுப்புவதே சரி, அதுவும் ஜன்னல் சாத்திய அறையில், கோடையில்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் பியூர்பாண்ட், அதே தரத்து உள்நாட்டு யூரியா பலகையோடு போட்டி போடும் விலையில்தான் வந்தது. இறக்குமதிப் பிர்ச் பலகைகள் அவ்வப்போது அதைவிட மலிவாகக் கிடைக்கும். கடையில் எடுக்கும்போது மேலே இருக்கும் இரண்டு பலகையை விட்டு அடுத்ததை எடுங்கள். மேல் பலகை வளைந்திருக்கும். வெட்டிய துண்டு வாங்கினால் விளிம்பில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முழுப் பலகையையே வாங்கி அங்கேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள், ரசீதில் "என்.ஏ.எஃப்., வெனீர் நடுப்பகுதி" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.